ஏரியின் ஆழமில்லாத பக்கம்

ஏரியில் தண்ணீர் நின்றால் பறவை தானாக வந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். தூர்வாரும் வேலைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி நம்புகிறார். ஏரியைச் சுற்றி நடைபாதை வேண்டும் என்று மனுக் கொடுப்பவரும் நம்புகிறார். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் நாலு பக்கமும் ஒரே ஆழத்தில் தண்ணீர் நிற்கும் ஏரியால் பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்கு எந்தப் பயனும் இல்லை. அவற்றுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் வேண்டும், அதை ஒட்டிச் சேறு வேண்டும், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள் வேண்டும். இந்த மூன்றும் இருப்பது கரைக்கு எதிர்ப்பக்கம், மேட்டு ஓடைகள் வந்து சேரும் உள்வாயில். நாம் எந்த ஏரிக்குப் போனாலும் கரைமேல் ஏறி நின்று ஆழமான பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏரி அழகாக இருக்கிறது என்று சொல்லித் திரும்புகிறோம். அந்த எதிர்ப்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டாரத்தைச் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பும் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. பறவை பார்க்க ஏரிக்குப் போவது போலவே, மதகு எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்கவும் நான் ஏரிக்குப் போகிறவள். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று சொல்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். என் அனுபவம் அப்படி இல்லை. பாசனம் ஒழுங்காக நடக்கும் ஏரிதான் பறவைக்கும் நல்ல ஏரி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஏரியின் பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. கூடு கட்டும் இடம் வெளியே தெரிந்தால் பெரிய லென்ஸ்களோடு ஆட்கள் வருவார்கள். பலர் நல்லவர்கள்தான். சிலர் குஞ்சு வாய் திறக்கும் படத்துக்காகக் கிளையை ஒடிப்பார்கள், கல் எறிந்து பறவையைக் கிளப்புவார்கள். தாய்ப்பறவை வெயில் நேரத்தில் அரை மணி கூட்டை விட்டு விலகினால்கூட, இறகு முளைக்காத குஞ்சு தாங்காது. காகம் வேறு காத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பக்கத்து ஏரிகளைப் புரிந்துகொள்ளத் தென்பெண்ணையிலிருந்து தொடங்க வேண்டும். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, பிறகு கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது ஆறு. 1950களின் இறுதியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பயன்பாட்டுக்கு வந்த அணை அது. முழு நீர்மட்டம் 52 அடி. அதற்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. பாரூர் ஏரியை நம்பி ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலம் இருக்கிறது. இவற்றைச் சுற்றி மழையை மட்டுமே நம்பிய சிற்றேரிகள் பல. தருமபுரிப் பக்கம் போனால் ஆற்றுக் கால்வாய் எட்டாத, மழை பெய்தால் மட்டுமே நிரம்பும் ஏரிகள் இன்னும் அதிகம்.

பறவைகள் இந்த ஏரிகளைத் தனித்தனியாகப் பயன்படுத்துவதில்லை. இன்று கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிக்கும் கூழைக்கடாக் கூட்டம் நாளை பாரூரில் இருக்கும். பாரூரில் நீர்மட்டம் ஏறினால், சேற்றில் மேயும் உள்ளான்கள் பக்கத்துச் சிற்றேரிக்குப் போய்விடும். அந்தச் சிற்றேரி வற்றினால் திரும்ப வரும். ஆகவே பெரிய நீர்நிலை ஒன்றைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள சின்ன ஏரிகளைப் பஸ் நிலையத்துக்கும் குப்பை கொட்டுவதற்கும் கொடுத்துவிட்டால், காப்பாற்றியதாக நாம் நினைக்கும் பெரிய ஏரியிலும் பறவை குறைந்துபோகும்.

ஏரி நிரம்பும் காலத்திலிருந்து சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிகுதித் தண்ணீர் கரையிலுள்ள வடிகால் வழியே வழிந்தால், எங்கள் பக்கத்தில் அது திருவிழா. கோடியில் பூசை போடுவார்கள், கிடா வெட்டுவார்கள், பெண்கள் மஞ்சளும் பூவும் தண்ணீரில் விடுவார்கள். நல்ல மழைக்காகப் பல வருடம் காத்திருந்த ஊருக்கு அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களில் ஏரியில் பறவை மிகக் குறைவு. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் என்று மூழ்கி இரை தேடத் தெரிந்தவை மட்டுமே நடுத்தண்ணீரில் இருக்கும். நடந்து மேய்பவற்றுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது.

மதகைத் திறந்த பிறகுதான் கூட்டம் சேரத் தொடங்குகிறது. நாற்று நட்டு வயலுக்குத் தண்ணீர் போகப் போக, ஏரியின் மட்டம் நாளுக்குக் கொஞ்சமாக இறங்கும். உள்வாயின் சரிவு மிக மெல்லியது. அதனால் மட்டம் ஒரு விரற்கடை இறங்கினாலே பல அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். நேற்று வரை தண்ணீருக்கடியில் கிடந்த அந்தச் சேற்றில் பூச்சிகளின் புழுக்களும் மண்புழுவும் சின்ன நத்தையும் நிறைந்திருக்கும். அவற்றை ஒரே நாளில் பறவைகள் தின்று தீர்த்தாலும், மறுநாள் இன்னொரு பட்டை வெளிவரும். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. தை, மாசி முழுவதும் இது நடக்கும். மதகை இயக்கும் நீர்க்கட்டிக்கே தெரியாமல், அவர் வயலுக்கு விடும் ஒவ்வொரு நாள் தண்ணீரும் உள்வாயில் பறவைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறது.

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை 25, 30 கிராம். ரஷ்யாவின் வடகோடியில், மரமே வளராத உறைநிலத்தில் முட்டையிடுவது. அங்கே கோடை முடிந்ததும் தெற்கே புறப்பட்டுக் குளிர்காலத்தை நம் சேற்றில் கழிக்கிறது. அதன் கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அந்தக் காலின் நீளத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடம் எதுவும் அதற்கு உதவாது. அதைவிடக் கொஞ்சம் நீண்ட கால் பொறி உள்ளானுக்கு. அது சற்று உள்ளே நின்று மேயும். இன்னும் உள்ளே, தலையை மட்டும் முக்கி மேயும் நீலச்சிறகியும் தட்டைவாயனும். அதற்கும் உள்ளே, வால் மேலே தெரியத் தலைகீழாகக் கவிழ்ந்து அடிமண்ணைத் துழாவும் ஊசிவால் வாத்து. வெளியே காய்ந்த விளிம்பில் பட்டாணி உப்புக்கொத்தியும் மஞ்சள் வாலாட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து நிற்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் தன் கால், கழுத்து, அலகு இவற்றின் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில்தான் நிற்கிறது. சரிவு இருந்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. சரிவை வெட்டி எடுத்துவிட்டால் இவற்றில் முக்கால்வாசிக்கு இடமில்லை.

இந்தப் பறவைகள் பயன்படுத்தும் வழியை மத்திய ஆசிய வலசைப் பாதை என்கிறார்கள். ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டுப் போகும் பாதை. 2024இல் சமர்கந்தில் கூடிய வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கை நாடுகள், இந்தப் பாதைக்கான ஒருங்கிணைப்புப் பிரிவை இந்தியாவில் அமைக்க ஒப்புக்கொண்டன. பெரிய மேடையில் எடுத்த நல்ல முடிவு. அந்த முடிவின் மறுமுனை எங்கள் ஊராட்சியின் தூர்வாரும் மதிப்பீட்டில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சைபீரியாவில் இருந்து வந்த பறவை இங்கே மூன்று நான்கு மாதம் தின்று, உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டால்தான் பங்குனியில் திரும்பிப் போகும் பயணத்தைத் தாங்கும். இங்கே அரைவயிறாக இருந்தால் அங்கே முட்டை குறையும்.

பங்குனியில் ஏரி இன்னும் சுருங்கும். மீன் எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரில் நெருங்கி நிற்கும். அப்போது வருபவை மஞ்சள் மூக்கு நாரைகள். இந்த நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீரில் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறியபடி நடக்கிறது. அலகின் உட்புறத்தில் மீன் பட்டவுடன் பட்டென்று மூடிவிடுகிறது. மீன் நெருக்கமாக இருக்கும் முழங்கால் ஆழத் தண்ணீரில்தான் இந்த வித்தை பலிக்கும். பத்தடி ஆழத்தில் எத்தனை மீன் இருந்தாலும் நாரைக்கு அது இல்லாத மீன்தான்.

இப்போது தூர்வாருதலுக்கு வருகிறேன். ஏரியைத் தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மண் மேவிய ஏரியில் எங்கள் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராமல் போன வருடங்களை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, பல்லும் எலும்பும் கெட்டுப்போன கிராமங்கள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே கொண்டு வரப்பட்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஏரி கொள்ளும் ஒவ்வொரு சொட்டும் பெரிது.

கேள்வி, எங்கே தோண்டுகிறோம் என்பதுதான். பழைய ஏரி ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தது போல இருக்கும், ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மெல்ல மேடேறும். எந்திரம் இறங்கிய ஏரியில் இந்தச் சாய்வு போய்விடுகிறது. உள்வாயிலும் செங்குத்தாகப் பள்ளம் வெட்டி, எடுத்த மண்ணை விளிம்பில் கொட்டி வரப்பாக்கி விடுகிறார்கள். மேட்டு ஓடைத் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே தேங்குகிறது. பள்ளத்தில் மட்டம் இறங்கும்போது தண்ணீர் கீழே போகிறதே தவிர, ஓரம் பின்வாங்குவதில்லை. ஆகவே சேறு வெளிவருவதில்லை. பிள்ளைகள் வழுக்கி விழுந்து இறந்துபோவதும் இத்தகைய பள்ளங்களில்தான்.

உள்வாயில் ஏன் தோண்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் எளிது. அது முதலில் காய்கிறது, டிராக்டர் இறங்க வசதி. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியரிடமே பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் வண்டல் எடுக்க உள்வாய்க்குப் போகவில்லை. ஓடைத் தண்ணீர் ஏரிக்குள் நுழையும் இடத்தில் கனமான மணலும் சரளையும் முதலில் தங்கிவிடும். மெல்லிய, சத்துள்ள வண்டல் தண்ணீரோடு தொடர்ந்து போய் ஆழமான பக்கத்தில்தான் படியும். வயலுக்கு நல்ல மண் வேண்டுமானால், ஏரி முழுதாக வற்றும் சித்திரை, வைகாசியில் கரைக்குப் பாதுகாப்பான தூரம் விட்டு ஆழமான பக்கத்தில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஏரியின் கொள்ளளவும் கூடும், வயலுக்கு நல்ல மண்ணும் கிடைக்கும், உள்வாயும் பிழைக்கும். அதோடு, அந்த மாதங்களில் வலசைப் பறவைகள் ஊர் திரும்பியிருக்கும்.

ஆனால் அந்த மாதங்களில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஆள்காட்டி அப்போதுதான் வெறும் தரையில் முட்டையிடும். கூழாங்கல்லும் முட்டையும் ஒரே நிறம், சக்கரம் ஏறும் வரை தெரியாது. அணையிலும் ஆற்றிலும் தண்ணீர் வடிந்து வெளிவரும் மணல் திட்டுகளில் முட்டையிடும் ஆற்று ஆலாவின் பாடு இன்னும் மோசம். தண்ணீர் மேலும் இறங்கித் திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் நாய்கள் நடந்தே வந்துவிடும்.

இனி மரங்கள். எங்கள் ஏரியின் உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்கள் தோப்பாக நின்றன. 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டார்கள். விறகுக்காகவும் ஊராட்சியின் வருமானத்துக்காகவும் நட்ட மரம். பல மாதம் அடிமரம் தண்ணீரில் மூழ்கி நின்றாலும் அழுகாது. அந்தக் காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள், பறவைகளும் அதே காரணத்துக்காகவே தேர்ந்தெடுத்தன. தண்ணீர் சூழ்ந்த மரத்தில் பூனையும் நரியும் குரங்கும் ஏறுவது கடினம். முள் கிளையில் வைத்த குச்சி காற்றில் நழுவாது. சின்ன நீர்க்காகம், வெண்கொக்குகள், உண்ணிக்கொக்கு, வக்கா என்று ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு வைத்தன. எச்சம் விழுந்து மரம் வெளுத்துப்போகும். கீழே தண்ணீர் பச்சையாகும், மீன் கொழுக்கும், அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே தேவைப்படும். வேடந்தாங்கல் மக்கள் இதைத் தெரிந்துகொண்டுதான், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிப் புகார் சொல்லி, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து மூலம் பாதுகாப்பு வாங்கினார்கள்.

கொக்கு முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு பறக்கும் வரை இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எங்கள் ஏரியில் மார்கழியில் கூடு கட்டத் தொடங்கினால் பங்குனிக்குத்தான் கடைசிக் குஞ்சு மரத்தை விட்டுப் போகும். சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், விறகு ஏலம் எடுத்தவரின் ஆட்கள் வந்து வெட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ பாதி மரங்கள் சாய்ந்திருந்தன. பறக்கத் தெரியாத வக்காக் குஞ்சுகள் தண்ணீர் ஓரத்தில் முள்ளுக்குள் புகுந்து நின்றன. மேலே கரும்பருந்துகள் வட்டமிட்டன. ஊர் நாய்கள் முந்திவிட்டன. அதை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஏலம் எடுத்தவர் கெட்டவர் அல்லர். பணம் கட்டியிருக்கிறார், வெளியூரிலிருந்து கூலி ஆட்களை அழைத்து வந்திருக்கிறார், மரத்தில் கூடு இருக்கிறதா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏலம் விட்ட அலுவலகத்திலும் யாரும் பார்க்கவில்லை. எங்களோடு வந்திருந்த, நெடுங்காலம் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த பெரியவர்தான் பேசினார். “தம்பி, மரம் எங்கேயும் ஓடிப்போகாது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கட்டும். சித்திரையில் வந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் விறகில் ஒரு சுள்ளி குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். ஏலம் எடுத்தவர் யோசித்துவிட்டு, “கூலி ஆட்களுக்கு இன்றைய சம்பளம் யார் கொடுப்பது தாத்தா?” என்று கேட்டார். சரியான கேள்வி. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அந்தச் சம்பளத்தைக் கொடுத்தோம். ஊராட்சியில் பேசித் தவணையை நீட்டித்து வாங்கினோம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால் மட்டும் வேட்டை என்பதில்லை. கூடுள்ள மரத்தை ஏலம் விடும் அலுவலகங்கள் இந்த வரியைப் படித்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பறவைகள் வந்தன. வெட்டிய இடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. மிச்சமிருந்த மரங்களில் இடம் பிடித்தவை போக மற்றவை ஊருக்குள் இருந்த புளிய மரங்களுக்கு வந்துவிட்டன. எச்ச நாற்றம், இரவெல்லாம் சத்தம், வாசலில் விழும் அரைகுறை மீன். வெடி வைத்துத் துரத்தினார்கள். அந்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சின்னக் குழந்தை தூங்கும் வீட்டு வாசலில் நூறு கொக்கு கூடு கட்டினால் யாருக்கும் கஷ்டம்தான். ஏரியில் இருந்த மரத்தை வெட்டி, அந்தக் கஷ்டத்தை ஊருக்குள் கொண்டு வந்தது நம் ஏற்பாடு. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது சாலையோரப் புளிய மரங்கள் போனதும் இதோடு சேர்ந்துகொண்டது.

புளிய மரத்தில் கூடு கட்டும் பறவைகளோடு சேர்ந்து வாழும் ஊர் ஒன்று அதிக தூரத்தில் இல்லை. கர்நாடகத்தில் மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூர். வீட்டுக் கொல்லைப் புளிய மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைக்கின்றன. எச்சத்தால் புளி விளைச்சல் குறையும் குடும்பங்களுக்கு அரசு ஈட்டுத்தொகை தருகிறது. நம் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இரண்டு ஊர்களிலும் கட்டுப்பாட்டை ஊர்தான் வைத்துக்கொண்டது. ஈட்டுத்தொகை தருவதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். புளி இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு வருமானம் என்று தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

சீமைக் கருவேலம் பற்றியும் சொல்ல வேண்டும். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு 2017இல் அதை வேகமாக அகற்றினார்கள். அகற்ற வேண்டிய மரம்தான். ஆனால் மண்வெட்டி எந்திரத்தை ஓட்டுபவருக்கு எல்லா முள்மரமும் ஒன்று. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் தட்டையாக நீளும். வேலை தொடங்கும் முன் யாராவது ஒருவர் உள்வாயில் நடந்து, விட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும். அரை நாள் வேலை. வேறு மரமே இல்லாத ஏரிகளில் கொக்கு சீமைக் கருவேலத்திலும் கூடு வைக்கிறது. அங்கே நாட்டு மரங்களை நட்டு, அவை வளர வளரப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டும்.

மீன் குத்தகைக்காரர் பற்றிப் பேசாமல் ஏரியைப் பேச முடியாது. குத்தகைத் தொகை கட்டிக் குஞ்சு மீன் விட்டவர், நீர்க்காகக் கூட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வெடி வைக்கிறார். வெடிச் சத்தத்தில் கூட்டிலிருக்கும் பறவைகள் எல்லாம் கிளம்பிவிடுகின்றன. எங்கள் ஏரியில் அவரோடு உட்கார்ந்து பேசினோம். வெடி கரைப்பக்கத்தில் மட்டும், உள்வாய்த் தோப்புப் பக்கம் கிடையாது. விடும் மீன்குஞ்சைக் கொஞ்சம் வளர்த்துப் பெரிதாக்கி விடுவது. ஆழத்தில் முள் கிளைகளைப் போட்டு மீனுக்கு ஒதுங்க இடம் செய்வது. அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொன்னபடி நடக்கிறார். இரவில் செவுள் வலை விடும்போது முக்குளிப்பான்கள் சிக்கி மூழ்கிச் சாவதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் கைக்கு எட்டாததும் உண்டு. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்குவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்து மிகுந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை பரவி நீர்ப்பரப்பை மூடுகிறது. இதை இரண்டு மாநில அரசுகள்தான் தீர்க்க வேண்டும்.

காடுகளைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குப் பெரிய அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2022இல் காவேரி தெற்கு. இரண்டும் மகிழ்ச்சி தரும் செய்திகள். நீர்ப்பறவைகளுக்கென்று அறிவிக்கப்பட்ட சரணாலயம் மட்டும் இங்கே இல்லை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற விளக்கத்துக்கு வெளியே வைத்துவிட்டன. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை பாசன ஏரிகள். வேடந்தாங்கலும் திருப்பூரின் நஞ்சராயன் குளமும்கூடப் பாசனத்துக்கு வெட்டியவைதான், இன்று அவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. பறவைகளுக்கு முக்கியமான இடம் என்று உலகம் ஒப்புக்கொண்டவற்றின் உடன்பிறப்புகளுக்கு இங்கே அந்த விதிகளின் பாதுகாப்பு இல்லை.

எங்கள் ஏரியைச் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அதைக் கேட்கப் போவதில்லை. வேலி போட்டு, டிக்கெட் கொடுத்து, மதகைத் திறக்க வேறு ஒரு துறையிடம் அனுமதி கேட்கும் நிலை வந்தால், ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் பறவைகளை வெறுக்கத் தொடங்குவார்கள். மதகு திறந்து மூடுவதால்தான் பறவைக்கு அந்த ஏரியில் சாப்பாடு என்று மேலே சொன்னேன். பாசனம் நின்ற ஏரி பறவைக்கும் பாதி செத்த ஏரி. எனக்கு வேண்டியது, ஏரியில் வழக்கமாக நடக்கும் வேலைகள் எல்லாம் பறவையை நினைவில் வைத்து நடக்க வேண்டும் என்பதே.

கிராம சபையில் நாங்கள் வைக்கப் போகும் தீர்மானத்தின் வாசகம் தயாராக இருக்கிறது. மார்கழி முதல் பங்குனி முடியும் வரை உள்வாயில் மரம் வெட்டக் கூடாது. ஏலப் பட்டியல் எழுதும் முன் ஊராட்சி உறுப்பினர் ஒருவரும் வனத்துறை ஊழியர் ஒருவரும் நேரில் போய்க் கூடு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மிச்சமிருக்கும் கருவேலத் தோப்பை ஏலத்திலிருந்து நிரந்தரமாக விலக்க வேண்டும், அதனால் ஊராட்சி இழக்கும் வருமானத்தை மாவட்ட நிதியிலிருந்து ஈடு செய்ய வேண்டும். வண்டல் ஆழமான பக்கத்தில், சித்திரைக்குப் பிறகு. உள்வாய் விளிம்பில் வரப்பும் நடைபாதையும் மின்விளக்கும் வேண்டாம், அவை வேண்டுமானால் கரைப்பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் ஊர் ஏரியிலும் வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், மதிப்பீடு தயாராகும்போதே போய்ப் பேசுங்கள். எந்திரம் இறங்கிய பிறகு அதை நிறுத்துவது மிகக் கடினம். வரைபடத்தில் கோட்டை நகர்த்துவதற்கு யாருக்கும் செலவில்லை. போகும்போது ஆயக்கட்டு விவசாயிகள் இருவரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள். பறவைக்காகப் பேச வந்தவர் என்றால் காத்திருக்கச் சொல்வார்கள், பாசனக்காரர் என்றால் நாற்காலி போடுவார்கள்.